பட்டியல் பல, பாட்டி ஒருத்தி

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் முதியோர் கூட்டத்தைப் பார்க்கலாம். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். வளாகத்து மரத்தடியில் மனு எழுதித் தருபவரைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஆதார், ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம். "ஓ.ஏ.பி. பணம் நாலு மாசமா வரலை." "வீட்டை எழுதி வாங்கிக்கிட்டு மகன் வெளிய போகச் சொல்றான்." "ரேகை விழலைன்னு அரிசி தர மாட்டேங்கிறாங்க." "சுகர் மாத்திரை கொண்டாந்து தர்ற பொண்ணு இப்ப வர்றதே இல்லை."

கணினியில் பதிந்து மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். முதியோர் ஓய்வூதியம் பற்றிய முதல் மனு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். இரண்டாவது கோட்டாட்சியருக்கு, பெற்றோர் பராமரிப்புத் தீர்ப்பாயம் அவரிடம்தான் இருக்கிறது. மூன்றாவது வட்ட வழங்கல் அலுவலருக்கு. நான்காவது சுகாதாரத் துறைக்கு. இந்த நான்கு குறையும் ஒரே பாட்டிக்கு இருக்கலாம். யோசித்துப் பார்த்தால், ஒன்று வந்தால் மற்றவையும் வரத்தான் செய்யும். மகன் வெளியேற்றிவிட்டான் என்றால் பாட்டியின் முகவரி மாறிவிடுகிறது. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். ரேஷன் அட்டை மகன் வீட்டில் இருக்கிறது. ஓய்வூதியச் சரிபார்ப்புக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் 'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். வேர் ஒன்றுதான். ஆனால் நான்கு மேசைகளில் நான்கு கோப்புகள் கிடக்கும். ஒரு மேசைக்காரருக்கு மற்ற மூன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் அவரைப் பணிக்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் முதியோருக்குத் திட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிற திட்டங்களை ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு மனிதருக்காகச் சேர்த்துப் பிடிக்க ஆள் இல்லை என்பதே குறை. அந்த ஆள் எங்கே இருக்க வேண்டும், யாரிடம் சம்பளம் வாங்க வேண்டும், அவருக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடிப் பார்க்கிறது.

அறுபது ஆண்டுகளில் சேர்ந்தவை

காமராசர் ஆட்சியில் 1962-ல் தொடங்கியது முதியோர் ஓய்வூதியம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983 முதல், ஓய்வூதியம் வாங்கும் முதியவருக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு கிடைத்தது. 2011-ல் ஜெயலலிதா ஓய்வூதியத்தை 1,000 ரூபாயாக்கினார். 2023-ல் ஸ்டாலின் அதை 1,200 ஆக்கினார். இதில் ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? எண்பது வயதுக்குக் கீழே என்றால் மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த 200 அசையவில்லை.

2007-ல் நாடாளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றியது. பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். 90 நாளில் தீர்ப்பாயம் முடிவு சொல்ல வேண்டும். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையானவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே. 2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' திட்டம் வந்து, எழுபது வயதைத் தாண்டியவர் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருள் போகத் தொடங்கியது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 25 இடங்களுக்கு 'அன்புச்சோலை' என்ற பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. எதற்கும் வழி தெரியாவிட்டால் 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம். சிலவற்றை இந்தியாவே பார்த்துப் பின்பற்றியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, அந்தத் துறைக்கு ஒரு பட்டியல். ஓய்வூதியப் பட்டியல் வருவாய்த் துறையிடம். மாத்திரைப் பட்டியல் சுகாதாரத் துறையிடம். வீட்டுக்கு ரேஷன் போகும் முதியோர் பட்டியல் கூட்டுறவுத் துறையிடம். பராமரிப்புச் சட்ட விதிகள் காவல் நிலையத்துக்கும் ஒரு வேலை சொல்கின்றன: எல்லைக்குள் தனியாக வாழும் முதியோரின் பட்டியலை வைத்திருந்து அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் விடை சொல்லப் போவதில்லை.

இந்தப் பட்டியல்களில் எதிலும் இல்லாத முதியவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வயது எண்பத்திரண்டு. பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். மனைவிக்கு மறதி நோய். நடு இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார். அரசின் கண்ணில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் கிடையாது. ஓய்வூதியம் கேட்டால் 'ஆதரவற்றவர் இல்லை' என்பார்கள், சரிதான். ஆனால் அவருக்கு வேண்டியது பணமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஒரு பகல் மையமும், யாரிடம் கேட்பது என்று சொல்ல ஓர் ஆளும் கிடைத்தால் போதும். நம் திட்டங்கள் தகுதியைக் கணக்கெடுக்கின்றன, தேவையைக் கணக்கெடுப்பதில்லை.

கணக்கு என்றால் இந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-ல் இது 13.6 ஆகியிருக்கும் என்றும், 2036-ல் 20.8 ஆகும் என்றும் ஒன்றிய அரசின் மக்கள்தொகை வல்லுநர் குழு மதிப்பிட்டது. ஐந்து பேரில் ஒருவர். நமக்கு முன்னால் கேரளம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அங்கே என்ன நடந்தது என்று பார்ப்பது வெறும் வேடிக்கைக்காக அல்ல. பத்தாண்டு கழித்து நாம் நிற்கப்போகும் இடத்தில் அவர்கள் இன்று நிற்கிறார்கள்.

ஊராட்சி மன்றத்தின் செவிலியர்

கேரளத்தின் கதை அரசிடமிருந்து தொடங்கவில்லை. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளிகள் மார்ஃபின் வாங்க வெகுதூரத்திலிருந்து பேருந்து ஏறி வந்தார்கள். அடுத்த முறை வராதவர்கள் குணமானார்களா, இறந்தார்களா, பேருந்துக்குக் காசில்லாமல் வீட்டில் துடிக்கிறார்களா என்று மருத்துவமனைக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை மலப்புரத்துக்காரர்கள் கையில் எடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தரத் தயாரா என்று தெருத்தெருவாகக் கேட்டு, தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுத்து, கடை உண்டியலில் சில்லறை சேர்த்து, 1999 தொடங்கி ஒரு வலைப்பின்னலைக் கட்டினார்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவி, பள்ளிவாசல் நிர்வாகி, கட்சிக்காரர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

2008-ல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதில் ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. இந்த வேலையைச் சுகாதாரத் துறையிடம் மட்டும் விட்டுவிடாமல் உள்ளாட்சியின் கையில் கொடுத்தார்கள். ஊராட்சி ஒவ்வொன்றும் வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு செவிலியரை அமர்த்தி, அவருக்குச் சம்பளம், வண்டி வாடகை, பஞ்சு, மருந்து, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை எல்லாவற்றையும் தன் திட்ட நிதியிலிருந்து தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்தத் திட்டத்தின் செயலாக்க அலுவலர். வீட்டுக்குப் போகும்போது செவிலியரோடு ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் போவார், வார்டு உறுப்பினரும் போவார்.

வார்டு உறுப்பினர் எதற்கு என்று கேட்கலாம். புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு அவர் வேண்டாம்தான். ஆனால் செவிலியர் அந்த வீட்டில் கண்டதில் பாதி, மருத்துவத்துக்குச் சேராதது. கூரை ஒழுகுகிறது, கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, ஓய்வூதியம் நின்றுவிட்டது, பேத்தி பள்ளியை நிறுத்திவிட்டுப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். செவிலியர் இவற்றைக் குறித்துக்கொண்டு வந்து யாரிடம் கொடுப்பார்? பக்கத்தில் நிற்கும் உறுப்பினரே ஊராட்சிக் கூட்டத்தில் இதைப் பேசும் இடத்தில் இருக்கிறார். அடுத்த தேர்தலில் அந்த வீட்டில் ஓட்டுக் கேட்கப் போகிறவரும் அவர்தான். ஒருங்கிணைப்பு என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவது இந்த மூன்று பேர் ஒரே வாசலில் நிற்பதுதான்.

இது சாத்தியமானதற்குக் காரணம் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம். மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிக்குப் போயிற்று. பணத்தோடு மருத்துவரும் வேளாண் அலுவலரும் கால்நடை மருத்துவரும் உள்ளாட்சிக்குப் பதில் சொல்லும்படி மாற்றப்பட்டார்கள். திட்ட நிதியில் குறைந்தது 5 சதவீதம் குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் போன்றோருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதி. முதியோருக்கென்று தனிக் கிராம சபையும் கூட்டுகிறார்கள்.

கேரளத்தைச் சொர்க்கமாக்கிக் காட்டும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அதில் இன்னொன்றைச் சேர்க்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த 5 சதவீதப் பணத்தைச் செலவழிக்க ஊராட்சிகள் கண்டுபிடித்த சுலபமான வழி, முதியோருக்குக் கட்டில் வழங்குவது. எந்த ஊராட்சியின் திட்ட அறிக்கையைப் புரட்டினாலும் கட்டில் இருக்கும். எண்ணிவிடலாம், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம், தணிக்கையில் கேள்வி வராது. பகல் வீடு என்று கட்டடம் எழுப்பி, நடத்த ஆளில்லாமல் பூட்டிப்போட்டதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடுவீடாக நடக்கிற ஆஷா பெண்கள் மதிப்பூதியம் போதவில்லை என்று 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. முதியோர் பராமரிப்பில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலம், அந்தப் பராமரிப்பைத் தூக்கிச் சுமப்பவர்களை எப்படி நடத்தியது என்பதும் அதே கதையின் ஒரு பக்கம்தான்.

ஒரு மருத்துவர் கண்ட படுக்கைப்புண்

ஜப்பானில் ஹிரோஷிமா மாநிலத்தில் மிட்சுகி என்று ஒரு சிற்றூர். இன்று ஒனோமிச்சி நகரோடு சேர்ந்துவிட்டது. 1970-களில் அந்த ஊர்ப் பொது மருத்துவமனையில் நொபொரு யமகுச்சி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு அறுவை செய்து, நடக்க வைத்து, வீட்டுக்கு அனுப்புவார். ஓரிரு ஆண்டில் அதே நோயாளிகள் படுத்த படுக்கையாக, படுக்கைப்புண்ணோடு, நினைவு தப்பித் திரும்பி வந்தார்கள். அறுவையில் பிழையில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பயிற்சி கொடுக்க யாரும் போகவில்லை, குளிப்பாட்ட முடியாமல் விட்டுவிட்டார்கள். மருத்துவமனை ஒரு துறை, ஊர்மன்றத்தின் சுகாதாரப் பிரிவு இன்னொன்று, நலப் பிரிவு மற்றொன்று. மூன்றுக்கும் நடுவே நோயாளி விழுந்துவிட்டார்.

யமகுச்சி முதலில் செவிலியரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். பிறகு 1984-ல், ஊர்மன்றத்தின் சுகாதார, நலப் பிரிவுகளையே மருத்துவமனை வளாகத்துக்குள் கொண்டுவந்து ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார். மேசையை மாற்றிப் போட்டதுதான் புரட்சி. அதற்கு அவர் வைத்த பெயர், சமூகம் சார்ந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு, பின்னாளில் ஜப்பான் அரசின் கொள்கைப் பெயராகவே ஆயிற்று.

2000 ஏப்ரலில் ஜப்பான் நெடுநாள் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி சந்தாவிலிருந்து, பாதி வரியிலிருந்து. இங்கே கவனிக்க வேண்டியது, காப்பீட்டை நடத்துவது யார் என்பது. டோக்கியோவில் இருக்கும் அமைச்சகம் அல்ல, தனியார் நிறுவனமும் அல்ல. அந்தந்த ஊர் நகராட்சி, பேரூராட்சி, கிராம மன்றம்தான் காப்பீட்டாளர். தன் எல்லையில் எத்தனை முதியவர், எத்தனை பேருக்கு எந்த அளவு உதவி வேண்டும், எத்தனை செவிலியர், எத்தனை பகல் மையம் வேண்டும் என்று மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திட்டம் போட்டு, அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, தன் ஊர் முதியவரின் சந்தாவை அந்த மன்றமே நிர்ணயிக்கிறது.

ஆகவே ஊருக்கு ஊர் சந்தா மாறும். 2024 முதல் 2026 வரையிலான திட்டத்தில் 65 வயதைக் கடந்தவரின் சராசரி மாதச் சந்தா 6,225 யென். ஒசாகா நகரில் 9,249. ஒகசவாரா தீவுக் கிராமத்தில் 3,374. ஒசாகாவில் தனியாக வாழும் ஏழை முதியோர் அதிகம், உதவி தேவைப்படுவோரும் அதிகம், அதனால் சந்தாவும் அதிகம். இது நியாயமா என்று அங்கே சண்டை நடக்கிறது. 2000-ல் சராசரி 2,911 யென்னாக இருந்தது இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்றும் சண்டை. எனக்கோ அந்தச் சண்டையைக் கண்டால் பொறாமையாக இருக்கிறது. தன் ஊரில் முதியோர் பராமரிப்புக்கு என்ன செலவாகிறது என்று ஒரு நகராட்சித் தலைவர் எண்ணோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அந்த எண்ணை யாரிடம் கேட்பது?

உதவி வேண்டும் என்று விண்ணப்பித்தால், மன்றத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து 74 கேள்விகள் கேட்பார். தானாக எழுந்து உட்கார முடிகிறதா, சட்டை போட முடிகிறதா, தேதி நினைவிருக்கிறதா. கணினி ஒரு மதிப்பீடு தரும். மருத்துவரின் குறிப்பையும் சேர்த்து ஒரு குழு ஏழு நிலைகளில் ஒன்றை முடிவு செய்யும். பிறகு பராமரிப்பு மேலாளர் ஒருவர் வருவார். திங்கள், வியாழன் குளிப்பாட்ட ஆள், செவ்வாய் பகல் மையம், மாதம் ஒரு வாரம் மகளுக்கு ஓய்வு தர முதியவரை இல்லத்தில் விடுவது என்று அட்டவணை போட்டு, அதற்கான நிறுவனங்களைப் பிடித்துத் தருவது அவர் வேலை. சேவைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு கட்டணம் உண்டு, வசதி கூடினால் அதுவும் கூடும். ஆனால் அந்த அட்டவணையைப் போட்டுத் தருவதற்கு முதியவர் ஒரு யென்கூடத் தர வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பதைத் தனி வேலையாக மதித்து, அதற்குத் தனியாகச் சம்பளம் வைத்திருக்கிறார்கள்.

2006-ல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் வரும் வட்டாரம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு ஒரு பகுதி ஆதரவு மையம். சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், மூத்த பராமரிப்பு மேலாளர் என மூன்று பேர். அப்பா குக்கரை அடுப்பில் வைத்து மறந்துவிடுகிறார் என்றாலும், பக்கத்து வீட்டுக் கிழவர் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்றாலும், மகன் அம்மாவின் பென்ஷனைப் பிடுங்கிக் குடிக்கிறான் என்றாலும் போக வேண்டிய இடம் அதுதான். எந்தத் துறை என்று கேட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கியூஷூ தீவில் ஒமுட்டா என்ற பழைய சுரங்க நகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997-ல் மீகே நிலக்கரிச் சுரங்கம் மூடியதும் இளைஞர்கள் போய்விட்டார்கள், முதியோர் தங்கிவிட்டார்கள். மறதி நோயால் வழி தவறிப் போகிறவர்களைக் கண்டுபிடிக்க, 2004 முதல் அங்கே ஊரே சேர்ந்து ஒத்திகை நடத்துகிறது. ஒருவர் வழி தவறியவர் போலத் தெருவில் நடப்பார். காவல் துறை தகவல் அனுப்பும். கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், ஓட்டுநர்கள் அவரிடம் போய் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று பழகுவார்கள். நம் கடலோர ஊர்களில் சுனாமி ஒத்திகை நடத்துவதில்லையா, அது போலத்தான்.

ஜப்பானிலும் பராமரிப்புப் பணியாளர் கிடைக்கவில்லை. சம்பளம் குறைவு, வேலை கடினம். மலைக் கிராமங்களில் மன்றம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, வந்து குளிப்பாட்ட ஆள் இல்லை. திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை இல்லாமல் வேலை நடக்காது என்பதற்கு அந்த ஊர்களே சாட்சி.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1965 ஜூலையில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட மூத்த அமெரிக்கர் சட்டத்தில், 1973-ல் செய்த திருத்தம் நாடு முழுவதும் வட்டார முதியோர் முகமைகளை உருவாக்கியது. இன்று அவை அறுநூறுக்கும் மேல். சில கவுண்டி அலுவலகத்தின் ஒரு பிரிவாகவும், சில தனித் தொண்டு அமைப்பாகவும் இயங்குகின்றன. சமைப்பதும் வண்டி ஓட்டுவதும் பெரும்பாலும் அவற்றின் வேலை அல்ல. யார் சமைப்பது, எந்தத் தெருவுக்கு வண்டி போவது என்று திட்டமிட்டு, பணம் தந்து, மேற்பார்ப்பதே வேலை. வட்டாரத் திட்டத்தைப் பொது விசாரணையில் வைத்தாக வேண்டும். ஆலோசனைக் குழுவில் பாதிக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தாக வேண்டும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: உணவுக்கு வருமானச் சான்று கேட்கக் கூடாது. முடிந்தவர் விரும்பியதைத் தரலாம், தராவிட்டால் சாப்பாட்டை மறுக்க முடியாது. வி.ஏ.ஓ. சான்றுக்கு அலைந்து பழகிய நமக்கு இது நம்ப முடியாததாகத்தான் இருக்கும்.

நம் ஊராட்சியில் எங்கே சொருகுவது?

அரசியல் சாசனத்தின் 41-ஆம் பிரிவு, முதுமையில் அரசின் உதவி பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைச் சொல்லும் பதினொன்றாம் அட்டவணையில் முதியோர் தனியாக இல்லை. சிறு பாசனம் இருக்கிறது, கோழி வளர்ப்பு இருக்கிறது, நூலகம் இருக்கிறது. முதியோர் 'சமூக நலம்', 'நலிந்த பிரிவினர்' என்ற பொதுத் தலைப்புகளுக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டும். 1992-ல் அதை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று இந்தியா இளைஞர் நாடு. கேரளமும் அதே அட்டவணையை வைத்துக்கொண்டுதான் தன் வேலையைச் செய்தது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும் என்பது விதி. அதற்கு ஒன்றிய அரசு தந்திருக்கும் கருப்பொருள்களில் சமூகப் பாதுகாப்பும் ஒன்று. எழுதப்படும் திட்டங்களில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று கிராம சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: சிமெண்ட் சாலை, கழிவுநீர்க் கால்வாய், தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி. அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாளே காந்தி ஜெயந்திக் கிராம சபை. முதல் நாள் உறுதிமொழி எடுத்துவிட்டு, மறுநாள் கூட்டத்தில் முதியோர் பற்றி ஒரு தீர்மானமும் இல்லாமல் கலைகிற ஊர்களே அதிகம்.

ஊராட்சியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எதிர்க்கேள்வி வரும். தலைவரின் ஆட்களுக்கு மட்டும் போகும், சேரிப் பாட்டிக்குப் போகாது என்பார்கள். பயம் நியாயமானது. சாதி பார்த்துக் குடிநீர்க் குழாய் போட்ட ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் தாலுகா அலுவலகத்தில் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து ஓ.ஏ.பி. வாங்குவது மட்டும் என்ன நியாயம்? ஊராட்சியில் பட்டியலைக் கிராம சபையில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லலாம். தாலுகா அலுவலகத்தில் அதைக் கேட்கவே வழியில்லை. முடிவெடுக்கும் அதிகாரமும் மேல்முறையீடும் மேலே இருக்கட்டும். கண்டறிவதும், கொண்டுசேர்ப்பதும், விட்டுப்போனதைத் துரத்துவதும் கீழே இருக்கலாம். கேரளத்தில் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

இன்னொரு தடை இதைவிடப் பெரிது. பல ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே இல்லாமல் போகிறது. 2016-ல் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடத்த மூன்று ஆண்டுகள் ஆயின. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டியின் வாசலிலும் அவர் ஓட்டுக் கேட்கப் போவதில்லை.

தன்னார்வலர்களை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்ற யோசனையும் வரும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாக ஏறி இறங்குபவர்கள் பெரும்பாலும் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள். எந்தத் தெருவில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள் என்று இந்த மாநிலத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது அவர்களுக்குத்தான். அவர்கள் தலையில் இன்னும் ஒரு பதிவேட்டைக் கட்டுவது எளிது. ஏற்கெனவே கட்டியாயிற்று என்றும் சொல்லலாம். அவர்கள் கண்டதை வாங்கி நடவடிக்கை எடுக்க முழுநேரச் சம்பளக்காரர் ஒருவர் இல்லாவிட்டால், தன்னார்வலர் பாட்டியின் குறையைக் கேட்டுக்கொண்டு வருவார், அவ்வளவுதான். கேட்கக் கேட்க அவருக்கும் சங்கடம், சொல்லிச் சொல்லிப் பாட்டிக்கும் அலுப்பு.

ஜப்பான் அளவுக்குப் பள்ளி வட்டாரத்துக்கு ஒரு மையம் நம்மால் இப்போது முடியாது. ஒன்றியத்துக்கு ஒன்று முடியும். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. வட்டார அளவில் இயன்முறைப் பயிற்சியாளரும் வலி தணிப்புச் செவிலியரும் ஏற்கெனவே சுகாதாரத் துறையில் வேலை செய்கிறார்கள். அவர்களோடு ஒரு சமூகப் பணியாளரையும், பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் சேர்த்து வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஓர் அறை கொடுத்தால் போதும். புதிதாக வேண்டியது ஒன்றியத்துக்கு இரண்டு பேர். மாநிலம் முழுவதற்கும் 776 பேர். நகரங்களில் 25 மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மண்டல வாரியாகத் தனிக் கணக்குப் போட வேண்டும். தனியாக வாழும் நடுத்தர வர்க்கத்து முதியோர் அங்கேதான் அதிகம். வெறும் அறையும் ஆளும் போதாது. ஓய்வூதியம் ஏன் நின்றது என்று தனி வட்டாட்சியரிடம் கேட்டால் இத்தனை நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும் என்று அரசாணை வேண்டும். கேட்கும் உரிமை இல்லாத ஒருங்கிணைப்பாளர் இன்னொரு மனு எழுதுபவராகத்தான் ஆவார்.

அந்த இரண்டு பேரின் முதல் மாத வேலையும் பெரிய ஆராய்ச்சி இல்லை. ஓய்வூதியப் பட்டியல், மாத்திரைப் பட்டியல், வீட்டு ரேஷன் பட்டியல், காவல் நிலையப் பட்டியல் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். மாத்திரை வாங்குகிறார், வயது எழுபத்தைந்து, தனியாக இருக்கிறார், ஓய்வூதியப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும். நான்கிலும் இல்லாதவர்களைத் தன்னார்வலரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் புதிய பட்டியலில் உள்ள எண்ணிக்கையை, பெயரைச் சொல்லாமல், அடுத்த கிராம சபையில் தெருவாரியாக வாசிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும், அதில் ஊராட்சி எவ்வளவு தரும், மாநிலம் எவ்வளவு தரும் என்று அதே கூட்டத்தில் யாராவது கை தூக்கிக் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் எழுதிவைத்திருக்கும் முதல் ஒன்றியம் எதுவாக இருக்கும் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.